எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்? அமெரிக்க நீதி அமைப்பின் அடிப்படைகள்

சாலை விபத்தில் காயம்பட்ட ஒருவர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடர எவ்வளவு கால அவகாசம் உண்டு? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. டென்னசி மாநிலத்தில் ஓராண்டு, கலிஃபோர்னியாவில் இரண்டாண்டு, நியூயார்க்கில் மூன்றாண்டு. காயம் ஒன்றேயானாலும் நடந்த இடம் மாறினால் சட்டமும் மாறிவிடுகிறது. வண்டியை ஓட்டியவர் குடித்திருந்தால் அதே நிகழ்விலிருந்து அரசு தொடுக்கும் குற்ற வழக்கு ஒன்றும் தனியே பிறக்கும். அவர் வேறு மாநிலத்தவராக இருந்தால் நஷ்டஈட்டு வழக்கு மத்திய அரசின் நீதிமன்றத்துக்குப் போகவும் வழியுண்டு.

ஆகவே அமெரிக்காவில் எந்தச் சட்டச் சிக்கலையும் மூன்று கேள்விகளைக் கொண்டே அவிழ்க்கத் தொடங்க வேண்டும். இது யாருடைய சட்டம், மத்திய அரசுடையதா மாநிலத்துடையதா? இது சிவில் விவகாரமா, குற்றமா? இதை விசாரிக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கு உண்டு? இந்த மூன்றுக்கும் விடை காண உதவும் அடிப்படைகளை இந்த அத்தியாயம் வரிசையாக விளக்குகிறது.

1. இரண்டு அரசுகள், இரண்டு சட்டங்கள்

அமெரிக்க மண்ணில் நிற்கும் எவரும் ஒரே நேரத்தில் குறைந்தது இரண்டு அரசுகளின் சட்டத்துக்கு உட்பட்டவர். ஒன்று வாஷிங்டனிலிருந்து இயங்கும் மத்திய அரசு. மற்றொன்று அவர் இருக்கும் மாநிலத்தின் அரசு. 50 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசியலமைப்புச் சட்டம், சட்டமன்றம், நீதிமன்றங்கள், குற்றவியல் சட்டம் எல்லாம் உண்டு. தலைநகரான கொலம்பியா மாவட்டத்துக்கும், பழங்குடி நாடுகளுக்கும் அவற்றுக்குரிய சட்டங்களும் நீதிமன்றங்களும் தனியே இருக்கின்றன.

மத்திய அரசின் அதிகாரம் பட்டியலிடப்பட்ட அதிகாரம். நாணயம், அஞ்சல், போர், குடியுரிமை வழங்கல், திவால், காப்புரிமை, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் போன்றவை அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவில் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன. சொல்லப்படாதவை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்கிறது பத்தாவது திருத்தம். அதனால் திருமணம், மணவிலக்கு, உயில், வீட்டு வாடகை, ஓட்டுநர் உரிமம், பள்ளிக்கூடம், பெரும்பாலான குற்றங்கள் என அன்றாட வாழ்வைத் தொடும் சட்டங்களில் பெரும்பகுதி மாநிலச் சட்டமே. விசா, குடியுரிமை, திவால், காப்புரிமை ஆகியவற்றுக்கு மத்திய சட்டம். வருமான வரியை மத்திய அரசும் விதிக்கிறது. பெரும்பாலான மாநிலங்களும் விதிக்கின்றன.

இரண்டும் முரண்பட்டால் மத்திய சட்டமே மேலானது என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பட்டியலிட்ட அதிகாரத்துக்குள் அடங்க வேண்டும். பள்ளிக்கு அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்த ஒரு மத்திய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1995-இல் லோபஸ் வழக்கில் செல்லாததாக்கியது. அதற்கும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கும் போதிய தொடர்பில்லை என்பதே காரணம். அதே நீதிமன்றம் 2005-இல் ரெய்ச் வழக்கில், கலிஃபோர்னியாவில் மருத்துவத்துக்காகச் சொந்த வீட்டில் வளர்க்கும் கஞ்சாவையும் மத்திய அரசு தடைசெய்யலாம் என்றது. வீட்டில் வளர்ப்பதும் சேர்ந்துதான் நாடு தழுவிய சந்தையைப் பாதிக்கிறது என்பது அங்கே காரணம்.

கஞ்சா விவகாரம் இரட்டைச் சட்டத்தின் நடைமுறைப் பொருளை நன்றாகக் காட்டும். கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் 2012-இல் வாக்காளர்களே மருத்துவம் அல்லாத பயன்பாட்டுக்கும் அதை அனுமதித்தார்கள். பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அங்கெல்லாம் கடையில் வெளிப்படையாக விற்கப்பட்டாலும், 1970-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளே. குடியேற்றம் மத்திய சட்டத்தின் கீழ் வருவதால், மாநிலம் அனுமதித்த கஞ்சாவைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொள்வதுகூட விசாவில் இருப்பவருக்குக் கேடாக முடியலாம்.

ஒரே செயல் இரு அரசுகளின் சட்டத்தையும் மீறினால் இரண்டுமே தனித்தனியாக வழக்குத் தொடுக்கலாம். ஒரு குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்ற பாதுகாப்பு இதற்குத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கேம்பிள் வழக்கில் மறுபடி உறுதிசெய்தது.

2. சட்டம் எங்கிருந்து வருகிறது

அமெரிக்கச் சட்டத்தின் ஊற்றுகள் நான்கு: அரசியலமைப்புச் சட்டம், சட்டமன்றங்கள் இயற்றும் சட்டங்கள், அரசுத் துறைகள் பிறப்பிக்கும் விதிகள், நீதிமன்றத் தீர்ப்புகள்.

மத்திய அரசியலமைப்புச் சட்டம் 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்டு, 1788-இல் தேவையான மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்று, 1789-இல் நடைமுறைக்கு வந்தது. ஏழே பிரிவுகள் கொண்ட சிறிய ஆவணம் அது. முதல் மூன்று பிரிவுகள் முறையே நாடாளுமன்றமான காங்கிரஸ், குடியரசுத் தலைவர், நீதித்துறை ஆகியவற்றின் அதிகாரத்தைப் பிரித்து வைக்கின்றன. அதைத் திருத்துவது எளிதல்ல. காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். இன்றைய கணக்கில் அது 38 மாநிலங்கள். இதுவரை வந்தவை 27 திருத்தங்கள் மட்டுமே. கடைசித் திருத்தம் 1789-இல் முன்மொழியப்பட்டு 1992-இல்தான் ஒப்புதல் பெற்றது.

காங்கிரஸ் இயற்றும் பொதுச் சட்டங்கள் பொருள்வாரியாகத் தொகுக்கப்பட்டு ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் கோட்’ என்ற தொகுப்பில் இடம்பெறுகின்றன. ஆனால் சட்டம் பெரும்பாலும் பொதுவாகத்தான் பேசும். நுணுக்கங்களைத் துறைகளின் விதிகள் நிரப்பும். ஹெச்-1பி விசாவை எடுத்துக்கொண்டால், அதன் அடிப்படை 1952-ஆம் ஆண்டின் குடியேற்றம், குடியுரிமைச் சட்டம். மனுவோடு எந்த ஆவணங்கள் வேண்டும், வேலை மாறினால் என்ன செய்ய வேண்டும் போன்றவற்றைத் துறையின் விதிகளில் தேட வேண்டும். இவ்விதிகளை எப்படி அறிவித்து, மக்கள் கருத்தைக் கேட்டுப் பிறப்பிக்க வேண்டும் என்பதை 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம் வகுக்கிறது. சட்டத்தின் சொற்கள் தெளிவில்லாதபோது துறையின் விளக்கத்துக்கு நீதிமன்றங்கள் இடம்கொடுக்க வேண்டும் என்பது 1984 முதல் இருந்த நிலை. 2024-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டு, சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை என்றது.

நான்காவது ஊற்றான தீர்ப்புச் சட்டம் இங்கிலாந்திலிருந்து வந்த மரபு. சட்டமன்றம் எதுவும் சொல்லாத இடத்தில் முந்தைய தீர்ப்புகளே சட்டமாக நிற்கும். ஒப்பந்தம் எப்போது செல்லும், கவனக்குறைவு என்பது எது போன்றவற்றை நூற்றாண்டுகளாக நீதிபதிகளே வகுத்து வந்திருக்கிறார்கள். இந்தியாவும் இதே மரபில் வந்த நாடு என்பதால் தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. அமெரிக்காவில் விலகி நிற்பது லூசியானா. பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சியில் இருந்த அந்த மாநிலத்தின் தனியார் சட்டம் இன்றும் ஐரோப்பிய முறைச் சட்டத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது.

நான்குக்கும் இடையே ஏற்றத்தாழ்வு உண்டு. தீர்ப்பு வழிவந்த விதியைச் சட்டமன்றம் மாற்றலாம். சட்டத்தைத் தாண்டி விதி போக முடியாது. எதுவும் அரசியலமைப்புச் சட்டத்தை மீற முடியாது. மீறிய சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று அரசியலமைப்புச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் 1803-இல் மார்பரி எதிர் மாடிசன் வழக்கில் அதை நிலைநாட்டினார்.

3. முன்தீர்ப்பின் பிடி

ஒரு வழக்கில் சொல்லப்பட்ட சட்டம் அதே போன்ற அடுத்த வழக்கையும் கட்டுப்படுத்தும். இந்தக் கட்டுப்பாடு மேலிருந்து கீழாகச் செயல்படுகிறது. மத்தியச் சட்டம் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டும். ஒரு மாநிலத்தின் சட்டம் பற்றி அம்மாநிலத்தின் உயர்மட்ட நீதிமன்றம் சொன்னதே இறுதி. அதன் பொருளை வாஷிங்டனில் உள்ள நீதிமன்றத்தாலும் மாற்றிச் சொல்ல முடியாது. ஓஹையோ நீதிமன்றத்தின் தீர்ப்பை டெக்சாஸில் எடுத்துக்காட்டலாம். அது ஆலோசனையாகக் கேட்கப்படுமே தவிர, அந்த நீதிபதியைக் கட்டாது.

தீர்ப்பில் உள்ள எல்லா வரிகளுக்கும் ஒரே வலிமை இல்லை. வழக்கை முடிவுசெய்யத் தேவைப்பட்ட காரணமே முன்தீர்ப்பாகும். போகிற போக்கில் நீதிபதி சொல்லும் கருத்துகள் கட்டுப்படுத்துவதில்லை. எதிர்த்தரப்பு காட்டும் முன்தீர்ப்பை, ‘அந்த வழக்கின் சங்கதி வேறு, இதன் சங்கதி வேறு’ என்று பிரித்துக்காட்டுவது வழக்கறிஞரின் முதன்மையான கலை.

உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே கைவிடுவதும் உண்டு. தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் இனப் பாகுபாட்டுக்கு இடம்கொடுத்த அதே நீதிமன்றம், 1954-இல் பிரவுன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பள்ளிகளில் அந்தப் பிரிவினை செல்லாது என்றது. கருக்கலைப்பு உரிமையை 1973-இல் ஏற்ற ரோ வழக்கு 2022-இல் டாப்ஸ் வழக்கில் கைவிடப்பட்டது. அதன்பின் அந்தப் பொருள் அரசியல் களத்துக்குத் திரும்ப, மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் முற்றிலும் வேறுபட்டுவிட்டது.

4. சிவிலும் குற்றமும்

ஒருவர் இன்னொருவருக்கு இழைத்த தீங்கு, முறிந்த ஒப்பந்தம், பிரியும் தம்பதியின் சொத்துப் பிரிவினை போன்றவை சிவில் விவகாரங்கள். வழக்குத் தொடுப்பவர் வாதி, எதிர்கொள்பவர் பிரதிவாதி. தோற்றவர் பணம் கொடுக்க நேரலாம், அல்லது ஒன்றைச் செய்யவோ நிறுத்தவோ நீதிமன்றம் அவருக்கு ஆணையிடலாம்.

குற்ற வழக்கைத் தொடுப்பது அரசு. ‘கலிஃபோர்னியா மக்கள் எதிர் இன்னார்’, ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் இன்னார்’ என்று வழக்கின் பெயரே அதைச் சொல்லிவிடும். பாதிக்கப்பட்டவர் அங்கே சாட்சி மட்டுமே. குடும்பச் சண்டையில் 911-ஐ அழைத்துப் போலீசை வரவழைத்துவிட்டு மறுநாள் சமாதானமாகிவிட்டால் வழக்கும் முடிந்துவிடும் என்று எண்ணுவது தவறு. தொடர்வதா கைவிடுவதா என்பது அரசு வழக்கறிஞரின் முடிவு. குற்றங்களில் பெரியவை ‘ஃபெலனி’ எனவும் சிறியவை ‘மிஸ்டிமீனர்’ எனவும் பிரிக்கப்படுகின்றன. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்கவை பொதுவாக முதல் வகை.

நிரூபிக்க வேண்டிய அளவும் வேறு. குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி அரசு நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் தராசு ஒரு பக்கம் சற்றே தாழ்ந்தால் போதும். எது அதிகம் நம்பத்தக்கதோ அது வெல்லும். பெற்றோரின் உரிமையை நிரந்தரமாகப் பறிப்பது போன்ற கடுமையான சிவில் விவகாரங்களில் மட்டும் இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவு கேட்கப்படுகிறது. இந்த வேறுபாட்டுக்கு நாடறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்சனின் வழக்கு. இரட்டைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து 1995-இல் ஒரு ஜூரி அவரை விடுவித்தது. அதே சாவுகளுக்கு அவரே பொறுப்பு என்று 1997-இல் சிவில் ஜூரி முடிவுசெய்தது. விதிக்கப்பட்ட தொகை 3 கோடியே 35 லட்சம் டாலர். வேறு வழக்கு, வேறு அளவுகோல் என்பதால் சட்டத்தின் கண்ணில் இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

5. நீதிமன்றங்களின் அமைப்பு

இந்தியாவில் மாவட்ட நீதிமன்றம் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணி. அமெரிக்காவில் மத்திய நீதிமன்றங்களும் மாநில நீதிமன்றங்களும் இரண்டு தனி ஏணிகள்.

மத்திய ஏணியின் அடிப்படியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள் இருக்கின்றன. சாட்சிகள் பேசுவதும் ஜூரி அமர்வதும் இங்கேதான். அடுத்த படியில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். பெரும்பாலும் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, புதிய சாட்சியம் எதையும் கேட்காமல், கீழே சட்டத் தவறு நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். உச்சியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம். இந்த எண்ணிக்கை 1869 முதல் மாறவில்லை. அங்கே மேல்முறையீடு பெரும்பாலும் உரிமையல்ல. ஒன்பதில் நால்வர் இசைந்தால்தான் வழக்கு எடுத்துக்கொள்ளப்படும். ஆண்டுதோறும் வந்து குவியும் ஆயிரக்கணக்கான மனுக்களில் நூறுகூடத் தேறுவதில்லை. இம்மூன்று படிகளின் நீதிபதிகளையும் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், செனட் உறுதிசெய்கிறது. அவர்களுக்கு ஓய்வு வயது என்று எதுவும் இல்லை.

மாநில ஏணிகளும் பெரும்பாலும் மூன்று படிகள் கொண்டவை. நாட்டின் வழக்குகளில் மிகப் பெரும்பான்மை இங்கேதான் நடக்கின்றன. பல மாநிலங்களில் நீதிபதிகளைத் தேர்தலில் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பெயர்களை நம்பி ஏமாறக்கூடாது. நியூயார்க்கில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது விசாரணை நீதிமன்றம். அம்மாநிலத்தின் உச்சப் படிக்குப் பெயர் ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’. டெக்சாஸிலும் ஒக்லஹோமாவிலும் சிவிலுக்கு ஒன்றும் குற்றத்துக்கு ஒன்றுமாக இரண்டு உச்ச நீதிமன்றங்கள் உண்டு.

மத்திய நீதிமன்றத்துக்குள் நுழைய முக்கியமான வழிகள் இரண்டு. வழக்கு மத்திய சட்டத்தின் மீது எழுந்திருக்க வேண்டும். அல்லது இரு தரப்பினரும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்து, கோரும் தொகை 75,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். நியூஜெர்சியில் வசிப்பவர் மீது பென்சில்வேனியாக்காரர் வண்டி மோதி, காயத்துக்கு ஒரு லட்சம் டாலர் கோரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். காயம்பட்டவர் நியூஜெர்சியின் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாலும், பிரதிவாதி அதை மத்திய நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வெளியூர்க்காரருக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் ஓரவஞ்சனை நேரக்கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். அங்கே போனாலும் தவறு யாருடையது என்பதை முடிவுசெய்வது மாநிலச் சட்டமே என்று 1938-ஆம் ஆண்டின் ஈரி ரயில்ரோடு வழக்குத் தீர்மானித்தது.

குடியேற்ற நீதிமன்றங்கள் இந்த இரண்டு ஏணிகளிலும் அடங்காதவை. அவை நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நிர்வாக அமைப்புகள். அங்கு நடப்பது சிவில் நடவடிக்கை என்பதால் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைப்பதில்லை. வேண்டுபவர் தாமே அமர்த்திக்கொள்ள வேண்டும்.

6. உரிமைகளும் அவற்றின் எல்லையும்

முதல் பத்துத் திருத்தங்கள் 1791-இல் சேர்க்கப்பட்டவை. உரிமைச் சாசனம் என்று பெயர் பெற்றவை. பேச்சு, மதம், பத்திரிகை, கூட்டம் ஆகியவற்றின் சுதந்திரம் முதல் திருத்தத்தில் இருக்கிறது. நான்காவது திருத்தம் நியாயமற்ற சோதனையையும் கைப்பற்றலையும் தடுக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்கிறது ஐந்தாவது. ஜூரி விசாரணையும் வழக்கறிஞர் உதவியும் ஆறாவதில் உள்ளவை. அளவுக்கு மீறிய ஜாமீனையும் கொடிய தண்டனையையும் விலக்குவது எட்டாவது.

இவை முதலில் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தின. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் வந்த பதினான்காவது திருத்தம், முறையான சட்ட நடைமுறையின்றி எவரது உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் எந்த மாநிலமும் பறிக்கக்கூடாது என்றது. அதன் வழியாகவே இருபதாம் நூற்றாண்டில் நீதிமன்றங்கள் இந்த உரிமைகளில் பெரும்பாலானவற்றை மாநிலங்களுக்கும் ஒவ்வொன்றாக விரித்தன. ஃபுளோரிடாவில் உள்ளே புகுந்து திருடியதாக ஒரு வழக்கில் சிக்கிய கிளாரன்ஸ் கிடியன், ஏழையான தனக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டுமே அது உண்டு என்று மறுக்கப்பட்டது. சிறையிலிருந்து அவர் கைப்பட எழுதியனுப்பிய மனுவை ஏற்று, கடும் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு மாநிலம் வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞரோடு நடந்த மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார்.

‘முறையான சட்ட நடைமுறை’ என்ற இந்தச் சொற்றொடருக்கு இந்தியாவோடும் சென்னையோடும் ஒரு தொடர்பு உண்டு. இந்திய அரசியலமைப்புச் சட்டம் உருவானபோது அதை எழுதிய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அச்சொற்றொடர் நீதிபதிகள் கையில் அளவற்ற அதிகாரத்தைத் தரும் என்று அவர் எச்சரிக்க, இந்தியாவின் 21-ஆவது பிரிவு ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற குறுகிய சொற்களை ஏற்றது. அதன் பொருள் முதலில் சோதிக்கப்பட்டது 1950-ஆம் ஆண்டின் ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் வழக்கில்.

உரிமைகளைப் பற்றி இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, இவற்றில் பல குடிமக்களுக்கு மட்டும் உரியவை அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவில் மரக் கட்டடங்களில் சலவைத் தொழில் நடத்திய சீனர்களுக்கு மட்டும் அனுமதி மறுக்கப்பட்டபோது, பதினான்காவது திருத்தம் ‘நபர்’ என்றே சொல்கிறது, அது அயல்நாட்டவரையும் காக்கும் என்று 1886-இல் யிக் வோ வழக்கில் தீர்ப்பானது. இரண்டாவது, இவை அரசை மட்டுமே கட்டுப்படுத்துபவை. தனியார் நிறுவனம் ஓர் ஊழியரை அவர் பேச்சுக்காக வேலைநீக்கம் செய்தால் முதல் திருத்தம் உதவாது. மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், காரணம் சொல்லாமலே வேலையிலிருந்து அனுப்பலாம் என்பதே பொது விதி. இனம், மதம், பால் போன்றவற்றின் அடிப்படையிலான நீக்கத்தைத் தடுப்பவை 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் போன்ற தனிச் சட்டங்கள்.

7. சிவில் வழக்கின் போக்கு

வாதி நீதிமன்றத்தில் புகார் மனுவைத் தாக்கல் செய்வதோடு வழக்கு தொடங்குகிறது. மனுவும் சம்மனும் பிரதிவாதியின் கைக்கு முறையாகச் சேர வேண்டும். மத்திய நீதிமன்றத்தில் பதில் சொல்லப் பொதுவாக 21 நாள். மாநிலங்களில் காலம் மாறும். சம்மனை வாங்கிக் கிடப்பில் போடுவதுதான் பெரிய தவறு. பதில் வராவிட்டால் எதிர்த்தரப்பு கேட்டபடியே தீர்ப்பாகிவிடலாம்.

அடுத்தது ‘டிஸ்கவரி’ என்னும் கட்டம். ஒவ்வொரு தரப்பும் மற்றவரிடமுள்ள ஆவணங்களையும் மின்னஞ்சல்களையும் கேட்டுப் பெறலாம். சாட்சிகளை நீதிமன்றத்துக்கு வெளியே உறுதிமொழியின் கீழ் விசாரிக்கலாம். நேரமும் பணமும் பெரும்பாலும் கரைவது இங்கே. இரு தரப்புக் கைச்சீட்டும் வெளியே தெரிந்துவிடுவதால் பெரும்பாலான வழக்குகள் இந்தக் கட்டத்திலேயே சமரசத்தில் முடிகின்றன. சங்கதியில் தகராறு இல்லாவிட்டால் விசாரணையின்றியே நீதிபதி தீர்ப்பளிப்பதும் உண்டு. மற்றவை விசாரணைக்குப் போகும். தோற்றவர் மத்திய நீதிமன்றத்தில் பொதுவாக 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும்.

வாடகை முன்பணம், சிறு கடன் போன்ற சின்னத் தொகைகளுக்கு மாநிலங்களில் சிறு உரிமைக் கோரல் நீதிமன்றங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு உச்சவரம்பு 12,500 டாலர். அங்கே வழக்கறிஞர் இல்லாமல் தானே பேசலாம்.

8. குற்ற வழக்கின் போக்கு

கைதானவரை நீதிபதி முன் நிறுத்தி, குற்றச்சாட்டைத் தெரிவித்து, ஜாமீன் பற்றி முடிவெடுப்பார்கள். காவலில் வைத்து விசாரிப்பதற்கு முன், பேசாமலிருக்கவும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று போலீஸ் சொல்ல வேண்டும். இது 1966-ஆம் ஆண்டின் மிராண்டா வழக்கின் விளைவு. அதைச் சொல்லாவிட்டால் வழக்கே தள்ளுபடியாகும் என்பது சினிமா தந்த எண்ணம். அப்படிப் பெற்ற வாக்குமூலத்தைச் சான்றாக வைக்க முடியாது, அவ்வளவே. மிராண்டாவே மறுவிசாரணையில், அந்த வாக்குமூலம் இல்லாமலும், தண்டிக்கப்பட்டார்.

கடுமையான மத்தியக் குற்றங்களில் 16 முதல் 23 குடிமக்கள் கொண்ட ‘கிராண்ட் ஜூரி’ குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் உண்டா என்று பார்க்கும். மாநிலங்களுக்கு இது கட்டாயமில்லை. அதன்பின் வரும் பெரும் திருப்பம் பேரம். குறைந்த குற்றத்தையோ குறைந்த தண்டனையையோ ஏற்று, குற்றத்தை ஒப்புக்கொள்வதே இந்த ஏற்பாடு. மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விசாரணையின்றி இப்படித்தான் தண்டனை பெறுகிறார்கள். குடியுரிமை இல்லாதவர் இங்கே மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். சிறையில்லாத சிறு தண்டனைக்கு ஒப்புக்கொண்டாலும் நாடு கடத்தல் வரை போகலாம். இந்த அபாயத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்லும் கடமை வழக்கறிஞருக்கு உண்டு என்று 2010-இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விசாரணைக்குப் போனால் முடிவு ஜூரியின் கையில். மத்தியக் குற்ற வழக்கில் 12 பேர். கடும் குற்றங்களில் தண்டிக்க மாநிலங்களிலும் ஒருமனதான முடிவு வேண்டும் என்று 2020-இல் உறுதியானது. இந்தியக் குற்ற வழக்குகளில் மறைந்துபோன ஜூரி முறை அமெரிக்காவில் குடிமகனின் கடமையாக நீடிக்கிறது. ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர்கள் எடுக்கப்படுவதால், குடியுரிமை இல்லாதவர் வீட்டுக்கும் ஜூரி அழைப்பு வந்து சேரும். அதைத் தூக்கியெறியாமல், குடிமகன் அல்ல என்று படிவத்தில் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

9. வழக்கறிஞரும் கட்டணமும்

ஒரு பட்டப்படிப்புக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பும், பெரும்பாலும் பார் தேர்வும் முடித்தவர் ‘அட்டர்னி’. உரிமம் மாநிலவாரியானது, நியூயார்க் உரிமம் கலிஃபோர்னிய நீதிமன்றத்தில் செல்லாது. குடியேற்றம் மத்திய சட்டம் என்பதால் அந்தத் துறையில் எந்த மாநில வழக்கறிஞரும் எங்கும் வாதாடலாம். ‘நோட்டரி பப்ளிக்’ என்ற பலகை வைத்திருப்பவர் கையெழுத்தைச் சான்றளிப்பவர் மட்டுமே. சட்ட ஆலோசனை தர அவருக்கு அதிகாரமில்லை.

சிவில் வழக்கில் வென்றவரும் தன் வழக்கறிஞர் செலவைத் தானே ஏற்பது அமெரிக்க வழக்கம். தனிச் சட்டமோ ஒப்பந்தமோ சொன்னால்தான் தோற்றவர் கொடுப்பார். கட்டணம் மணிக்கணக்கில் இருக்கலாம், மொத்தமாகப் பேசப்படலாம். விபத்து வழக்குகளில், கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு, பலநேரம் மூன்றில் ஒரு பங்கு, என்ற ஏற்பாடு பரவலானது. தோற்றால் கட்டணம் இல்லை. இந்திய வழக்கறிஞர்களுக்குத் தடைசெய்யப்பட்ட இந்த முறை அமெரிக்காவில் சட்டப்படியானது. ஆனால் மருத்துவப் பதிவு, நிபுணர் சாட்சி போன்ற செலவுகளை யார் ஏற்பது என்பதைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

10. மேற்கோளை வாசிக்கும் முறை

தீர்ப்பைத் தேடுவோர் முதலில் எதிர்கொள்வது எண்களும் எழுத்துகளும் கலந்த ஒரு வரி. பிரவுன் வழக்கு ‘347 யூ.எஸ். 483 (1954)’ என்று குறிக்கப்படுகிறது. நடுவில் உள்ளது தொகுப்பின் பெயர். அதற்கு முன் உள்ளது தொகுதி எண், பின் உள்ளது தொடங்கும் பக்கம், அடைப்புக்குள் ஆண்டு. ‘யூ.எஸ்.’ என்றிருந்தால் உச்ச நீதிமன்றம், ‘எஃப்.3டி’, ‘எஃப்.4த்’ என்றிருந்தால் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பில் வழக்கின் பெயரில் முதலில் வருபவர் வழக்குத் தொடுத்தவர். உச்ச நீதிமன்றத்தில் மனுவோடு வந்தவர் முதலில் வருவார்.

அந்த ஒரே வரியில் எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு என்ற இரண்டும் கிடைத்துவிடுகின்றன. அந்த நீதிமன்றம் வாசகரின் மாநிலத்தைக் கட்டுமா, அந்த ஆண்டுக்குப் பின் தீர்ப்பு கைவிடப்பட்டதா என்ற இரண்டையும் சரிபார்த்த பிறகே அதை நம்பி அடுத்த அடி எடுத்துவைக்கலாம்.